வீட்டில் ஆறுகின்றோமா?

வெயிலில் களைத்து வருபவரைக் கண்டால் "இருந்து ஆறுங்கோ" என்று கதிரையை இழுத்துப் போடுவது எங்கள் வழக்கம். கொதிக்கும் தேநீர் ஆறும்; புண் ஆறும்; கோபம் ஆறும்; களைத்த உடலும் ஆறும். எல்லாவற்றுக்கும் நாம் ஒரே சொல்லையே வைத்திருக்கின்றோம். வந்தவரை ஆறச் சொல்லும் வீடு, அங்கேயே வாழ்பவர்களை ஆறவிடுகின்றதா என்பதை இவ்வாரம் சற்று எண்ணிப் பார்ப்போம்.

முதலில் வெக்கை. இதைச் சிறு காரியமாக எண்ணவேண்டாம். இரவில் புழுங்கும் வீட்டில் குழந்தை சிணுங்கும், தாய் எரிந்து விழுவாள், தகப்பன் கேற்றடிக்குப் போய்விடுவார். எங்கள் பழைய நாற்சார் வீடுகளைக் கட்டியவர்கள் இதை அறிந்திருந்தார்கள். நடுவில் வானம் பார்த்த முற்றம், சுற்றிவரத் தாழ்ந்த கூரையுடன் விறாந்தை, வெளியே திண்ணை. சூடான காற்று முற்றத்தால் மேலெழ, நிழலில் குளிர்ந்த காற்று உள்ளே வரும். வளவைச் சுற்றியிருந்த கிடுகு வேலியும் பனையோலை வேலியும் கண்ணை மறைத்தன. ஆனால் சோழகக் காற்றை மறிக்கவில்லை. இன்று அந்த இடத்தில் ஆளுயர மதில். மேலே கொங்கிறீட் தட்டு. அது பகல் முழுவதும் வாங்கிய வெயிலை, நாம் பாயை விரிக்கும் நேரம் பார்த்துத் திருப்பித் தருகின்றது!

கட்டிய வீட்டை இடிக்கச் சொல்லவில்லை. மேற்குச் சுவர்ப் பக்கம் ஒரு வேம்பை நடுங்கள். அது வளரும்வரை கிடுகால் ஒரு பந்தல் போடுங்கள். நடுப்பகலில் யன்னல்களைச் சாத்தி, பொழுதுபட்டதும் எதிரெதிர் யன்னல்களைத் திறந்து, நுளம்புக்கு வலை கட்டிக்கொள்ளுங்கள். மதில் கட்ட இருப்பவர்கள் காற்று நுழைய இடைவெளி விட்டுக் கட்டினால் செலவு கூடாது.

உடல் ஆறினாலும் காது ஆறாத வீடுகள் எங்களிடையே பல உண்டு. 1995 யூலை 9இல் நவாலி புனித பேதுருவானவர் ஆலயத்தில் தஞ்சம் புகுந்தவர்கள்மேல் குண்டு விழுந்ததை அறிந்தவர்கள் இன்னும் எம்மோடு இருக்கின்றார்கள். அவ்வருடம் ஒக்டோபர் 30 இரவு, மழையில், வலிகாமத்தை விட்டு நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு நடந்தவர்கள் இன்று பாட்டன் பாட்டி. 2009க்குப் பின் பிறந்த பேரப்பிள்ளைக்கு வெடி என்றால் திருநாள் வெடிதான். தகரக் கதவு காற்றில் அடித்ததும் அம்மம்மா ஏன் திடுக்கிட்டு எழும்புகிறா என்று அந்தப் பிள்ளைக்கு விளங்குமா? சிரித்துவிடும். அம்மம்மா வெட்கப்பட்டு உள்ளே போய்விடுவா.

இது கோழைத்தனமுமன்று, பேய்க்குணமுமன்று. யாழ்ப்பாணத்தில் பல்லாண்டு பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், போர் எம்மவர் மனங்களில் ஏற்படுத்திய வடுக்களைப் பற்றி 1998இல் ஆங்கிலத்தில் ஒரு நூலே வெளியிட்டார். ஆபத்துக்குப் பழகிய உடல், ஆபத்து நீங்கிய பின்னரும் காவல் இருக்கின்றது. நெஞ்சு படபடக்கும், கை வியர்க்கும், நித்திரை முறியும். ஆகவே பிள்ளைகளுக்குக் காரணத்தைச் சொல்லுங்கள். வெடி கொளுத்துமுன் பெரியவர்களுக்கு அறிவியுங்கள். பின்னால் வந்து உரத்துக் கூப்பிடாதீர்கள். ஒருவர் வாரக்கணக்கில் நித்திரையின்றித் தவித்தாலோ, குடியில் விழுந்தாலோ, சாவைப்பற்றிப் பேசினாலோ வீட்டு வைத்தியம் போதாது. யாழ். போதனா வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிச் செல்வதில் எந்த வெட்கமும் வேண்டாம்.

இனி மாலை நேரம். 1990இன் பின் குடாநாட்டில் மின்சாரம் நின்று, மண்ணெண்ணெயும் அரிதான காலத்தில், ஜாம் போத்தல் விளக்கொன்றைச் சுற்றி முழுக் குடும்பமும் இருந்தது. செய்தி கேட்கச் சைக்கிளை மிதித்து டைனமோவில் றேடியோவை இயக்கினோம். அந்த நாட்கள் திரும்பவேண்டும் என்று எவரும் விரும்பமாட்டார், நானும் விரும்பவில்லை. ஆயினும் ஒரே வெளிச்சம் என்பதால் எல்லோரும் ஒரே இடத்தில் இருந்தோம். இப்போது அறைக்கொரு விளக்கு, கைக்கொரு தொலைபேசி, விறாந்தையில் யாரும் பாராமல் கத்தும் தொலைக்காட்சி. மாலையில் ஒரு மணி நேரம் அவற்றை நிறுத்திப் பாருங்கள். முதல் நாட்களில் சலிப்பாக இருக்கும், பிள்ளைகள் முணுமுணுப்பார்கள். பிறகு கதை வரும்.

அந்த நேரத்தில் செபமாலை சொல்லும் வீடுகளுக்கு இன்னொரு செய்தி. இத்தாலிய மருத்துவர் லூச்சானோ பெர்னார்டியும் குழுவினரும் 23 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2001இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வந்தது. இலத்தீனில் மங்கள வார்த்தை செபத்தைச் சொன்னபோது, நிமிடத்துக்கு ஏறக்குறைய 14ஆக இருந்த மூச்சு 6 அளவுக்குக் குறைந்ததாம். யோக மந்திரம் சொன்னபோதும் அவ்வாறே. மூச்சு ஆறுதலாகும்போது இதயத்தின் ஓட்டமும் சீராகின்றது. செபத்தின் பயன் இவ்வளவுதான் என்று கொள்ளவேண்டாம். ஆனால் ஒருவர் முற்பாதியைச் சொல்ல மற்றவர்கள் பிற்பாதியைச் சொல்லும் எங்கள் வழக்கத்தில் மூச்சுவிட இடம் இருக்கின்றது. 53 மணிகளையும் பஸ்ஸுக்கு ஓடுவதுபோல் ஓட்டி முடித்தால் அந்த இடம் எங்கே? மெதுவாகச் சொல்ல நேரமில்லையெனில் ஒரு பத்துமணி போதும்.

இதையெல்லாம் வாசித்துவிட்டு ஒரு வீட்டில் எல்லோரும் விறாந்தையில் ஆறியிருக்க, அம்மா மட்டும் குசினிப் புகைக்குள் பிட்டு அவித்துக்கொண்டிருக்கலாம். செபத்துக்கும் அங்கிருந்தே மறுமொழி சொல்லுவா. அன்பான தகப்பன்மாரே, வளர்ந்த மக்களே, திருவலையில் இருந்து தேங்காய் திருவ உங்களுக்கும் கை இருக்கின்றது. சாப்பிட்ட கோப்பைகளைக் கிணற்றடிக்குக் கொண்டுபோய்க் கழுவி வையுங்கள். அம்மாவுக்கும் விறாந்தையில், காற்றுப்படும் பக்கமாக, ஒரு கதிரை போடுங்கள்.