குடும்பத்துக்கு ஒரு பிக்கப் டிரக்: எப்படிப் பார்த்து வாங்குவது?

அமெரிக்காவில் பெரிய பிக்கப் டிரக் வாங்க நினைக்கும் குடும்பத்தார் முதலில் கேட்பது, "எந்தக் கம்பெனி வண்டியை நம்பலாம்?" என்பதுதான். ஃபோர்டா, ஷெவர்லேயா, ராமா, டொயோட்டாவா என்று வீட்டுக்குள்ளேயே கட்சி பிரிந்துவிடும். ஆனால் கம்பெனி பெயரை மட்டும் நம்பி இந்த வண்டியை வாங்க முடியாது. டொயோட்டா டன்ட்ராவையே எடுத்துக்கொள்ளுங்கள். 2007 முதல் 2021 வரை வந்த 5.7 லிட்டர் வி8 இன்ஜின், உழைப்புக்குப் பேர்போனது. அதே கம்பெனி 2022-ல் கொண்டுவந்த புதிய இரட்டை டர்போ வி6 இன்ஜினில் உலோகத் துகள்கள் தங்கிவிட்டதால், 2024-ல் ஏறத்தாழ ஒரு லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைக்க வேண்டிவந்தது. வண்டியின் பின்பக்கம் எழுதியிருக்கும் பெயர் இரண்டிலும் ஒன்றே. எந்த ஆண்டு, எந்த இன்ஜின், எந்த கியர்பாக்ஸ், யார் எப்படிப் பராமரித்தார் என்ற நான்கையும் பார்த்தால்தான் நம்பகம் பற்றிப் பேசவே முடியும்.

முதல் படி: தேவையை எழுதுங்கள், கராஜை அளந்துவிடுங்கள்

கடந்த ஓராண்டில் வீட்டுக்கு என்னென்ன ஏற்றி வந்தீர்கள், எதை இழுத்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். ஆண்டுக்கு நாலைந்து முறை மரப்பலகையோ தோட்ட மண்ணோ ஏற்றுவதுதான் வேலை என்றால் ஒரு மினிவேன் போதும். அந்த நாளுக்கு மட்டும் ஹோம் டிப்போவில் டிரக்கை வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். படகு, கேம்பிங் டிரெய்லர், பனிக்காலத்து மலைப்பாதை, சொந்தத் தொழில் என்று ஏதாவது உண்மையிலேயே இருந்தால் மேலே படியுங்கள்.

நான்கு முழுக் கதவும் ஐந்தரை அடிச் சரக்குத் தொட்டியும் உள்ள ஒரு டிரக்கின் நீளம் ஏறக்குறைய 19 அடி 4 அங்குலம். பழைய வீடுகளின் கராஜ் பெரும்பாலும் 20 அடி ஆழம்தான். உள்ளே ஒரு அலமாரியோ வாட்டர் ஹீட்டரோ இருந்தால் கதவு மூடாது. டேப்பை எடுத்து இன்றைக்கே அளந்துவிடுங்கள்.

இரண்டாம் படி: கேபினை முடிவு செய்யுங்கள்

குடும்பத்துக்கு நான்கு முழுக் கதவு கேபின்தான் சரி. இதில் பெயர்க் குழப்பம் உண்டு. ஷெவர்லேயிலும் டன்ட்ராவிலும் 'டபுள் கேப்' என்றால் சின்னது. பெரியது முன்னதில் 'க்ரூ கேப்', பின்னதில் 'க்ரூமேக்ஸ்'. ராமில் 'குவாட் கேப்' சின்னது, 'க்ரூ கேப்' பெரியது. ஃபோர்டில் 'சூப்பர்கேப்' சின்னது, 'சூப்பர்க்ரூ' பெரியது. விளம்பரத்தில் 'நாலு கதவு' என்று போட்டிருப்பதை நம்பி நூறு மைல் ஓட்டிப் போய்ப் பார்த்தால், பின்சீட்டில் பின்நோக்கிய குழந்தை சீட்டைப் போட முடியாமல் திரும்ப வேண்டியிருக்கும்.

கேபின் மாறினால் பாதுகாப்பும் மாறலாம். 2015-ல் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான காப்பீட்டு நிறுவனம் எஃப்-150-ஐ முன்மூலை மோதல் சோதனைக்கு உட்படுத்தியபோது, பெரிய கேபினுக்கு மிக உயர்ந்த மதிப்பும் சின்ன கேபினுக்குக் கீழிருந்து இரண்டாவது மதிப்பும் கிடைத்தன. சோதனை முடிவைப் பார்க்கும்போது உங்கள் கேபினுக்கு உரியதா என்று பாருங்கள்.

வீட்டிலிருக்கும் கார் சீட்டுகளைக் கையோடு கொண்டுபோய் டீலரின் வாசலிலேயே பொருத்திப் பாருங்கள். டிரக்குகளில் குழந்தை சீட்டின் மேல்பட்டியை மாட்டும் முறை காரைப் போல எளிதாக இருக்காது. பல வண்டிகளில் பட்டியைத் தலைசாய்ப்பானுக்குப் பின்னால் உள்ள ஒரு வளையத்தின் வழியே நுழைத்து, பக்கத்து இருக்கையின் கொக்கியில் மாட்ட வேண்டும். கையேட்டில் அந்தப் பக்கத்தை வாங்கும் முன்பே படித்துவிடுங்கள். வீட்டில் பாட்டி, தாத்தா இருந்தால் அவர்களையும் அழைத்துப் போங்கள். நான்கு சக்கர இயக்கமுள்ள டிரக்கில் ஏறுவது முழங்கால் வலிக்காரர்களுக்குப் பெரிய பாடு. பக்கவாட்டுப் படிப்பலகையும், கதவுத் தூணில் கைப்பிடியும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

மூன்றாம் படி: கதவோரச் சீட்டைப் படியுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள். விளம்பரம் '13,000 பவுண்டு இழுக்கும்' என்று சொல்லும். அந்த எண், ஓட்டுநரும் ஒரு பயணியும் மட்டும் உட்கார்ந்திருப்பதாக வைத்துக் கணக்கிட்டது. உங்கள் குடும்பம் அதில் இல்லை.

ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் மஞ்சள், வெள்ளை நிறத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். ஆட்களும் சரக்கும் சேர்ந்து இத்தனை பவுண்டுக்கு மேல் போகக்கூடாது என்று அதில் அச்சிட்டிருப்பார்கள். அந்த எண் அந்த ஒரு வண்டிக்கே உரியது. அதே மாடலில், கண்ணாடிக் கூரையும் பெரிய சக்கரங்களும் உள்ள ஆடம்பர வகைக்கு எண் குறையும். சாதாரண வகைக்குக் கூடும். அந்தச் சீட்டில் 1,450 பவுண்டு என்று இருப்பதாக வைத்துக் கணக்குப் போடுவோம்.

அப்பா 190, அம்மா 150, பாட்டி 130, இரண்டு பிள்ளைகள் 105, அவர்களுடைய கார் சீட்டுகள் 40. ஆட்கள் மட்டும் 615 ஆகிவிட்டது. பின்னால் இழுப்பது சாமான் ஏற்றிய 6,500 பவுண்டு கேம்பிங் டிரெய்லர். டிரெய்லரின் எடையில் 10 முதல் 15 சதவீதம் வரை அதன் முன்நுனி வழியாக டிரக்கின் மேல் இறங்கும். 13 சதவீதம் என்று வைத்தாலே 845. இதோடு 1,460. எடையைப் பகிரும் கொக்கிச் சட்டத்துக்கு 90, தொட்டியில் ஐஸ்பெட்டி, விறகு, சைக்கிள்களுக்கு 200, தொட்டி மூடிக்கு 80. மொத்தம் 1,830. வரம்பைவிட 380 பவுண்டு அதிகம். இழுக்கும் திறனில் பாதியைத்தான் தொட்டிருக்கிறோம். ஆனால் தாங்கும் எடை எப்போதோ தாண்டிவிட்டது. இப்படித் தாண்டி ஓடும் வண்டியில் பிரேக், டயர், ஸ்பிரிங், கியர்பாக்ஸ் எல்லாம் சீக்கிரம் போய்விடும். பிறகு 'இந்தக் கம்பெனி வண்டியே மோசம்' என்று பேச்சு வரும்.

உங்கள் வீட்டுக் கணக்கைப் போட்டுவிட்டு, அந்த எண்ணைவிடக் குறைந்தது 200 பவுண்டாவது கூடுதலாகச் சீட்டில் உள்ள வண்டியைத் தேடுங்கள்.

நான்காம் படி: இன்ஜினையும் ஆண்டையும் பாருங்கள்

இரண்டாம் தலைமுறை டன்ட்ராவின் 5.7 வி8 இன்ஜினைப் பற்றி மேலே சொன்னேன். டர்போ கிடையாது, சிலிண்டர்களை அணைத்து ஓட்டும் ஏற்பாடும் கிடையாது. லூசியானாவில் ஒருவர் தம் 2007 டன்ட்ராவைப் பத்து லட்சம் மைல் ஓட்டினார். 2016-ல் அதை டொயோட்டா வாங்கிக்கொண்டு புதிய வண்டி ஒன்றைத் தந்தது. நெடுஞ்சாலை ஓட்டமும் தவறாத சர்வீஸும் சேர்ந்து கொடுத்த பலன் அது. குறைகளும் உண்டு. நான்கு சக்கர இயக்க வகை நகரத்தில் காலனுக்கு 13 மைல்தான் கொடுக்கும். 2007, 2008 வண்டிகளின் சேஸிஸ் துரு விவகாரம் நீதிமன்ற உடன்பாட்டில் போய் முடிந்தது. தினமும் நீண்ட தூரம் வேலைக்குப் போகாத குடும்பத்துக்கு, பனிக்காலத்தில் சாலையில் உப்புத் தூவாத மாநிலத்தில் ஓடிய, 2014-க்குப் பிந்தைய 5.7 வி8 டன்ட்ராவையே நான் முதலில் தேடச் சொல்வேன்.

எஃப்-150-ல் டர்போ இல்லாத 5.0 வி8 நல்ல பெயர் எடுத்தது. 2015 முதல் உடல் அலுமினியம் என்பதால் மேலே துருப்பிடிக்காது. சேஸிஸ் மட்டும் இரும்புதான். 2004 முதல் 2010 வரை வந்த 5.4 லிட்டர் வி8 மலிவாகக் கிடைத்தாலும் விட்டுவிடுங்கள். வால்வு திறக்கும் நேரத்தைச் சரிசெய்யும் கேம் பேசரில் கோளாறு வந்து செலவு இழுக்கும். அதில் 2008 வரையிலான பலவற்றில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றும்போதே அது உடைந்து உள்ளே மாட்டிக்கொள்ளும். 2017-லிருந்து வந்த 10 வேக கியர்பாக்ஸ் முரட்டுத்தனமாக மாறுகிறது என்ற புகார்கள் வழக்குவரை போயின. அந்த கியர்பாக்ஸ் உள்ள வண்டியை நிதானமான வேகத்தில், போக்குவரத்து நெரிசலில் அரை மணி நேரமாவது ஓட்டிப் பார்க்க வேண்டும்.

ஷெவர்லே சில்வராடோவும் ஜி.எம்.சி. சியாராவும் உள்ளே ஒன்றே. 5.3 வி8 இன்ஜினில், பாரம் குறைவாக இருக்கும்போது பாதி சிலிண்டர்களை அணைத்து எரிபொருளை மிச்சப்படுத்தும் ஏற்பாடு உண்டு. அதற்கான, வால்வைத் தள்ளும் லிஃப்டர் சிக்கிக்கொண்டால் கேம் தண்டைத் தின்றுவிடும். பழுதுபார்க்க ஆயிரக்கணக்கில் டாலர் ஆகும். 'டிக் டிக்' சத்தமும், இன்ஜின் விளக்கு எரிவதும், ஒரு சிலிண்டர் தவறி அடிப்பதும் அதன் அடையாளம். 6.2 வி8 வேறு கதை. 2021 முதல் 2024 வரையிலான வண்டிகளில் கனெக்டிங் ராடு, கிராங்க் தண்டுக் குறைகளுக்காக 2025 ஏப்ரலில் அமெரிக்காவில் மட்டும் சுமார் 6 லட்சம் வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன. அதில் ஒன்றை வாங்கினால், இன்ஜின் மாற்றப்பட்டதா, தடித்த எண்ணெய் ஊற்றி அனுப்பப்பட்டதா என்று தாளில் காட்டச் சொல்லுங்கள்.

ராம் 1500-ன் சவாரி சொகுசு. பின்னால் காயில் ஸ்பிரிங். நீண்ட பயணத்தில் பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள். 5.7 ஹெமி இன்ஜினில் புகைக்குழாயை இறுக்கும் போல்ட்டுகள் உடைவது சகஜம். குளிர்ந்த நிலையில் வரும் சத்தம் சூடானதும் அடங்கினால் பெரும்பாலும் அதுதான், அதைச் சரிசெய்துவிடலாம். சூடான பிறகும் அடித்துக்கொண்டே இருந்தால் லிஃப்டரும் கேமும் தேய்ந்திருக்கக்கூடும். அந்த வண்டி வேண்டாம்.

ஐந்தாம் படி: காகிதங்கள்

முன்கண்ணாடியின் கீழ்மூலையில் உள்ள 17 எழுத்து வண்டி எண்ணை, தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்தின் இணையதளத்தில் போட்டால், சரிசெய்யப்படாத திரும்ப அழைப்புகளை இலவசமாகக் காட்டும். வண்டியின் வரலாற்றைக் காட்டும் கார்ஃபேக்ஸ் அறிக்கையும் உதவும். ஆனால் சுத்தமான அறிக்கை சுத்தமான வண்டிக்கு அத்தாட்சி ஆகாது. எண்ணெய் மாற்றிய ரசீதுகளைத் தேதியோடும் மைலோடும் காட்டும் விற்பனையாளர் கிடைத்தால், அவருக்கு ஐந்நூறு டாலர் கூட்டிக் கொடுத்தாலும் தகும்.

ஆறாம் படி: வண்டியை நேரில் பார்ப்பது

'நாங்கள் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்' என்று முன்பே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டில் கை வையுங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லுங்கள். குளிர்ந்த இன்ஜின் உயிர்பெறும் முதல் விநாடிகளில் லிஃப்டரும் கேம் பேசரும் பல நேரம் தங்கள் குறையைச் சத்தத்தால் காட்டிக்கொடுக்கும்.

பிறகு கீழே குனியுங்கள். பின்சக்கரத்துக்கு முன்னாலும், ஸ்பேர் டயருக்கு மேலேயும் சேஸிஸை டார்ச் அடித்துப் பாருங்கள். மேலாகப் படிந்த செந்துரு பரவாயில்லை. அப்பளம் போல அடுக்கடுக்காக உரிந்தாலோ, சின்னச் சுத்தியலால் தட்டும்போது கணீரென்று இல்லாமல் மங்கிய ஒலி வந்தாலோ திரும்பிவிடுங்கள். சாலையில் உப்புத் தூவும் ஓஹாயோ, மிச்சிகன், நியூயார்க் பக்கத்து வண்டியில் அடிப்பாகம் மட்டும் புதுக் கறுப்புப் பெயின்ட்டில் பளபளத்தால் சந்தேகப்படுங்கள்.

பின்சீட்டு பெல்ட்டை முழுவதுமாக வெளியே இழுங்கள். நுனியில் சேற்றுக்கோடு தெரிந்தால் அது வெள்ளத்தில் மூழ்கிய வண்டி. தொட்டியின் தரையில் பெரிய துளைகளோ, தேய்ந்த இழுவைக் கொக்கியோ இருந்தால் அது கனமான டிரெய்லரை இழுத்திருக்கக்கூடும். கியர்பாக்ஸ் எண்ணெயை எப்போது மாற்றினார்கள் என்று கேளுங்கள். மண் பாதையில் நான்கு சக்கர இயக்கத்தின் இரண்டு நிலைகளையும் போட்டுப் பாருங்கள். உலர்ந்த தார்ச்சாலையில் அதைச் சோதிக்காதீர்கள்.

இருபது, முப்பது டாலருக்குக் கிடைக்கும் ஸ்கேனரைச் செருகினால் கோளாறுக் குறியீடுகள் தெரியும். குறியீடு எதுவும் இல்லாமல், வண்டியின் சுயசோதனைகள் மட்டும் 'முடியவில்லை' என்று காட்டினால், யாரோ சற்றுமுன்தான் அழித்திருக்க வாய்ப்புண்டு. இதெல்லாம் தேறிய பிறகு, விற்பவருக்குத் தொடர்பில்லாத ஒரு மெக்கானிக்கிடம் லிஃப்டில் ஏற்றிக் காட்டுங்கள். அதற்கு ஆகும் பணத்தை மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள். விற்பவர் அதற்குச் சம்மதிக்காவிட்டால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

ஏழாம் படி: விலை

மாதத் தவணையைப் பேசாதீர்கள். வரி, கட்டணம் எல்லாம் சேர்ந்த மொத்த விலையைப் பேசுங்கள். கடனுக்கு உங்கள் கிரெடிட் யூனியனில் முன் அனுமதி வாங்கிக்கொண்டு போங்கள்.

எட்டாம் படி: வாங்கிய முதல் மாதம்

முதலில் பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் ஒரு விதி: வண்டி நகரும்போது முன்னால் யாரும் நிற்கக்கூடாது. 40 அங்குலத்துக்கு மேல் உயரமான முன்பகுதி கொண்ட வண்டி மோதினால், தாழ்ந்து சரிந்த முன்பகுதி கொண்டதைவிடப் பாதசாரி இறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 45 சதவீதம் அதிகம் என்று நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான காப்பீட்டு நிறுவனத்தின் ஆய்வு 2023-ல் சொன்னது. வண்டிக்கு முன்னால் மிக அருகில் நிற்கும் மூன்று வயதுக் குழந்தை ஓட்டுநர் இருக்கையிலிருந்து கண்ணுக்கே தெரியாது. முன்பக்கக் கேமரா இல்லாவிட்டால் தனியாக வாங்கிப் பொருத்திவிடுங்கள். 2018 மே மாதத்துக்கு முன் தயாரான வண்டி என்றால் பின்கேமராவும் இருக்கிறதா என்று பாருங்கள்.

பழைய வண்டி என்றால் இன்ஜின் எண்ணெய், கியர்பாக்ஸ் எண்ணெய், முன்பின் ஆக்சில் எண்ணெய், டிரான்ஸ்ஃபர் கேஸ் எண்ணெய், கூலன்ட் எல்லாவற்றையும் மாற்றி, அன்றைய மைலை ஒரு நோட்டில் எழுதுங்கள். பிறகு இன்ஜின் எண்ணெயை 5,000 மைலுக்கு ஒருமுறை மாற்றுங்கள். டாஷ்போர்டு நினைவூட்டும்வரை காத்திருக்க வேண்டாம். கியர்பாக்ஸ் எண்ணெய் ஆயுளுக்கும் போதும் என்று சொன்னாலும், டிரெய்லர் இழுக்கும் வண்டியில் 60,000 மைலுக்குள் மாற்றிவிடுவது நல்லது.

சாலையில் உப்புத் தூவும் ஊரில் இருந்தால், ஒவ்வோர் ஆண்டும் முதல் பனிக்கு முன் சேஸிஸைக் கழுவிக் காயவைத்து, உள்ளும் புறமும் துரு தடுக்கும் எண்ணெய் அடித்துவிடுங்கள். டீலர் விற்கும் ரப்பர் பூச்சு வேண்டாம். அதில் ஒரு கீறல் விழுந்தால் ஈரம் உள்ளே போய்த் தங்கிவிடும். வெளியே கறுப்பாகப் பளபளக்கும் பூச்சுக்கு அடியில் இரும்பு அரித்துக்கொண்டே போகும்.