கசப்பு மட்டும் சாட்சியாகுமா?

மயிலாப்பூர்க் கடையில் வாங்கும் நிலவேம்புக் குடிநீர்ச் சூரணம் சுத்தமானதா என்று எப்படிச் சோதிக்கிறார்கள்? வீட்டிலேயே பார்க்க முடியுமா? – வாசகி, மயிலாப்பூர்

நிலவேம்புக் குடிநீரில் வெட்டிவேர், சந்தனம், பற்படாகம், சுக்கு, மிளகு உள்பட ஒன்பது சரக்குகள் சேரும். ஆய்வகத்தில் சூரணத்தின் சாற்றைச் சிலிக்கா பூசிய தகட்டின் அடியில் பொட்டாக இட்டு, கரைப்பானில் நிறுத்துவார்கள். கரைப்பான் மேலேற, சாற்றிலுள்ள பொருள்கள் தனித்தனிப் பட்டைகளாகப் பிரியும். நிலவேம்பின் கசப்புப் பொருளான ஆண்ட்ரோகிராஃபோலைடின் பட்டை, தூய மாதிரி நிற்கும் உயரத்திலேயே நின்றால் அதில் நிலவேம்பு இருக்கிறது என்று பொருள். எவ்வளவு இருக்கிறது என்பதை எச்.பி.எல்.சி. (உயர்திறன் திரவ நிறப்பகுப்பு) கருவி சொல்லிவிடும்.

மண் கலப்பைக் காட்டிக்கொடுப்பது, சூரணத்தை எரித்தபின் அமிலத்தில் கரையாமல் மிஞ்சும் சாம்பல். அடுத்து பூச்சிமருந்து எச்சம், பூஞ்சை நஞ்சான அஃப்ளாடாக்சின், கன உலோகங்கள். உலோகங்களுக்கான வரம்பு ஈயம் 10 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 10 பங்கு), ஆர்சனிக் 3, பாதரசம் 1, காட்மியம் 0.3.

வீட்டில் இவை நடக்காது. நாக்கு கசப்பை அறியும். ஈயம் அதற்குப் பிடிபடாது. உதிரியாக எடை போட்டுத் தரும் பொடியைவிட, உரிம எண், தொகுதி எண், காலாவதித் தேதி அச்சிட்ட பொட்டலமே மேல். அப்படி வாங்க, 1944-இல் தொடங்கிய இம்ப்காப்ஸ் கூட்டுறவு மருந்தகம் பக்கத்துத் திருவான்மியூரில்தான் இருக்கிறது.