அரணை கடித்தால் மரணமா?

"அரணை கடித்தால் மரணம்." குமரி மாவட்டத்துப் பிள்ளைகள் பலருக்கு வாய்ப்பாட்டுக்கு முன்பே இது மனப்பாடம். அதனால்தான் முற்றத்தில் வெயில் காயும் அரணை கண்ணில் பட்டதும் செருப்போ விளக்குமாறோ பறக்கிறது. அரணைக்கு விஷச் சுரப்பியும் இல்லை, விஷப் பல்லும் இல்லை. பூச்சியைத் தின்று பிழைக்கும் பிராணி அது. துரத்தினால் வாலைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடும். எதுகை மட்டும் சரியாக அமைந்துவிட்டால் ஒரு பொய்க்கு எத்தனை தலைமுறை ஆயுள்!

பிராணிகளிடம் அன்பு என்றதும் பள்ளிகளுக்கு நினைவுக்கு வருவது நீதிபோதனை வகுப்பு. பிள்ளைகள் மனதில் இரக்கம் குறைவு, அதை ஊட்ட வேண்டும் என்ற எண்ணம் அதன் அடியில் இருக்கிறது. கல்லெடுக்கும் பையன்களில் பெரும்பாலானோர் வீட்டையும் தங்கையையும் காப்பாற்றுவதாகத்தான் நினைக்கிறார்கள். அவர்களுக்குத் தேவைப்படுவது சரியான தகவல்.

ஓணானைப் பாருங்கள். இனப்பெருக்கக் காலத்தில் ஆண் ஓணானின் தலையும் தொண்டையும் சிவக்கும். பெண்ணைக் கவரவும் மற்ற ஆண்களை விரட்டவும் அது தலையை ஆட்டி ஆட்டிக் காட்டும். தூரத்தில் நின்றே நம் ரத்தத்தை உறிஞ்சுகிறது, அதனால்தான் கழுத்து சிவக்கிறது என்று கதை கட்டிவிட்டார்கள். மேற்கே கேரளத்தில் பிள்ளைகள் ஓணானைக் கண்டால் தொப்புளைப் பொத்திக்கொள்வார்கள். வெள்ளைக்காரர்களும் அதற்கு 'ரத்தம் உறிஞ்சி' என்றே பெயர் வைத்தார்கள். போதாக்குறைக்கு, ராமருக்கு அணில் உதவியது, ஓணான் அவமதித்தது என்று ஒரு நாட்டுப்புறக் கதை வேறு. அணில் முதுகில் மூன்று கோடு வாங்கியது. ஓணான் கழுத்தில் சுருக்கு வாங்கியது. அது பெரும்பாலும் தின்பது எறும்பும் வெட்டுக்கிளியும் போன்ற பூச்சிகளைத்தான்.

பாம்பைப் பற்றிய நம்பிக்கைகளுக்கு நாகர்கோவிலில் பஞ்சமே இல்லை. ஊரின் பெயருக்குக் காரணமான நாகராஜா கோயிலின் கருவறைக் கூரை இன்றும் ஓலைதான். ஆண்டுதோறும் ஆடி மாதத்தில் புதிதாக வேய்கிறார்கள். அங்கே குடியிருப்பது பாம்பு என்பதால் கூரையைக் கான்கிரீட்டாக மாற்றாமல் விட்ட பண்பாடு இது. அதே ஊரில், கும்பப்பூ நெல் அறுவடை முடிந்து வீட்டுப் பக்கம் ஒதுங்கும் சாரைக்குக் கம்பு காத்திருக்கிறது. சாரைக்கு விஷம் கிடையாது. நாஞ்சில் வயல்களில் எலியைக் குறைப்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. சாரையும் நாகமும் பின்னிப் பிணைவதைப் பார்த்தோம் என்பார்கள். அவர்கள் பார்த்தது பெரும்பாலும் இரண்டு ஆண் சாரைகளின் மல்லுக்கட்டு.

பாலுக்கும் பாம்புக்கும் சம்பந்தமில்லை. தாகத்தில் தவிக்கும் பாம்பு எந்தத் திரவம் கிடைத்தாலும் வாய் வைக்கும், அவ்வளவுதான். அது மகுடி இசைக்கு மயங்கி ஆடுவதும் இல்லை. வெளிக்காது இல்லாத அந்த உயிர் தன் முன்னால் அசையும் குழலைத்தான் கவனிக்கிறது.

இவற்றால் மனிதருக்குப் பெரிய நஷ்டம் இல்லை. உயிரைப் பறிக்கக்கூடியது வேறொன்று: நாகராஜா கோயிலைச் சுற்றி ஒரு மைலுக்குள் பாம்பு கடித்தால் யாரும் சாக மாட்டார்கள் என்ற பழைய நம்பிக்கை. கடிபட்ட பிள்ளையைக் கட்டுப்போட்டு, கீறி, உறிஞ்சி நேரத்தைக் கடத்தாமல் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, விஷமுறிவு மருந்து உள்ள வேறு மருத்துவமனைக்கோ உடனே கொண்டுபோக வேண்டும். நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் விஷத்துக்கும் அந்த ஒரே மருந்துதான். அதைத் தயாரிக்கப் பாம்பு விஷம்தான் வேண்டும். செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் 1978-ல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கம் பாம்பைப் பிடித்து, விஷம் எடுத்து, மீண்டும் காட்டில் விட்டுவிடுகிறது. 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கியது.

தெருநாய் விஷயத்தில் இரண்டு பக்கமும் தவறான நம்பிக்கைகள் இருக்கின்றன. "வாலை ஆட்டினால் சினேகம்" என்பது ஒன்று. விறைத்து நின்ற வால் மெல்ல ஆடினால் அது பதற்றமாகவும் இருக்கலாம். தின்னும் நாய், தூங்கும் நாய், குட்டி போட்ட நாய் மூன்றையும் தொடாமல் விலகிப் போவதும் அன்புதான். எல்லா நாயையும் தடவிக்கொடுக்கச் சொல்லும் பாடம் ஆபத்தானது.

மறுபக்கம் இருப்பது பயம். நாய் கடித்துவிட்டால், "தொப்புளைச் சுற்றி 14 ஊசி" என்ற பயத்தில் பிள்ளைகள் வீட்டில் மறைத்துவிடுவார்கள். ஆட்டின் மூளைத் திசுவிலிருந்து தயாரித்த அந்தப் பழைய மருந்தின் உற்பத்தியை இந்தியா 2004 இறுதியிலேயே நிறுத்திவிட்டது. இப்போது பெரியவர்களுக்குக் கையில் நான்கைந்து தவணை ஊசியோடு முடிகிறது. சிறு குழந்தைகளுக்குத் தொடையில் போடுவதும் உண்டு. தோல் கிழிந்து ரத்தம் வந்திருந்தால் காயம்பட்ட இடத்திலேயே இன்னொரு மருந்தும் செலுத்துவார்கள். முதல் வேலை, சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவுவது. சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதுவும் வேண்டாம். வெறிநாய்க்கடிக்கு ஆளாவோரில் ஏறத்தாழ 40 சதவீதம் 15 வயதுக்குட்பட்டோர் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இதைத் தெரிந்துகொள்ள வேண்டியவர்கள் வகுப்பறையில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

2022-ல் ராம்சர் தகுதி பெற்ற சுசீந்திரம் தேரூர் குளங்களுக்குப் பள்ளிகள் சுற்றுலா போகும்போது, "வெளிநாட்டுப் பறவைகள் முட்டையிட வருகின்றன" என்று சொல்லித்தருவது வழக்கம். வடக்கிலிருந்து வரும் வாத்துகளும் உள்ளான்களும் குளிரைத் தப்பித்து இரை தேடத்தான் வருகின்றன. முட்டையிடத் திரும்பிப் போய்விடும். பக்கத்து நெல்லை மாவட்டத்துக் கூந்தன்குளத்தில் கூடு கட்டும் கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் நம் நாட்டுப் பறவைகள். அவற்றுக்காகப் பட்டாசைத் தவிர்க்கிறது அந்தக் கிராமம்.

கடைசியாக, விலங்கு நலம் மேல்நாட்டுச் சரக்கு என்ற பேச்சு. பாஸ்டனில் ஜார்ஜ் ஏஞ்சல் 1882-ல் பிள்ளைகளைக் கொண்டு கருணைக் குழுக்கள் தொடங்கியது உண்மை. ஆனால் இந்தியச் சட்டத்துக்கு விதை போட்டவர் சென்னையின் ருக்மிணி தேவி அருண்டேல். 1953-ல் மாநிலங்களவையில் அவர் கொண்டுவந்த தனிநபர் மசோதாவை, அரசே சட்டம் செய்யும் என்று நேரு உறுதியளித்ததால் திரும்பப் பெற்றார். 1960-ல் சட்டம் வந்தது. 1962-ல் சென்னையில் அமைந்த விலங்கு நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர். விலங்குகளை மனிதாபிமானத்துடன் நடத்தக் கற்றுக்கொடுப்பது வாரியத்தின் கடமைகளில் ஒன்று என்று அச்சட்டத்தின் 9-ஆம் பிரிவே சொல்கிறது. உயிர்களிடம் கருணை குடிமக்களின் கடமை என 1976-ல் அரசியலமைப்பிலும் சேர்ந்தது.

இன்று விலங்கைக் கொன்றாலோ ஊனப்படுத்தினாலோ 5 ஆண்டுவரை சிறை உண்டு. காட்டுயிர்களுக்கு 1972-ன் தனிச் சட்டம் இருக்கிறது. ஆனால் 1960 சட்டத்தின்படி துன்புறுத்தலுக்கு முதல்முறை அபராதம் 10 முதல் 50 ரூபாய். நாகர்கோவில் வடசேரி பேருந்து நிலையத்தில் இரண்டு டீயும் வடையும் வாங்கினால் அந்தத் தொகை தீர்ந்துவிடும். சட்டத்தைக் காட்டிப் பிள்ளைகளைப் பயமுறுத்த நினைக்கும் ஆசிரியர், தொகையை மட்டும் வாய்விட்டுச் சொல்லாமல் இருப்பது நல்லது.