சினையாட்டின் இரத்தச் சர்க்கரையும் வயிற்றுக் குட்டியின் வளர்ச்சியும்

சினையாட்டுக்குத் தீனி மிகுந்தால் குட்டி பெருத்துவிடும், ஈனும்போது ஆடு வருந்தும் என்றெண்ணிக் கடைசி மாதத்தில் தீனியைக் குறைப்போர் நம்மிற் சிலர் உளர். இதனால் விளையும் நஷ்டத்தை அவர்கள் அறிவது அவசியம்.

செம்மறியாடு ஏறக்குறைய 150 நாள் சினை தாங்கும். குட்டி தன் பிறவி எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைக் கடைசி ஆறு வாரங்களிலேயே அடைகிறது. அதற்கு வேண்டிய சர்க்கரை தாயின் இரத்தத்திலிருந்து நஞ்சுக்கொடி வழியாகச் செல்லவேண்டும். ஆடோ அசைபோடும் பிராணி. தின்ற மாவுச்சத்தின் பெரும்பகுதி முதல் வயிற்றிலேயே புளித்து அமிலங்களாகிவிடும். அவற்றுள் ஒன்றாகிய புரோப்பியோனிக் அமிலத்தைக் கொண்டு ஈரல் மறுபடியும் சர்க்கரையை உண்டாக்குகிறது. தீனி குறைந்தால் இச்சர்க்கரையும் குறையும்.

கணையத்தில் ஊறும் இன்ஸுலினை நீரிழிவு வியாதியஸ்தர் அறிவர். தாயின் சர்க்கரை குட்டிக்குச் செல்லும், இன்ஸுலின் செல்லாது. குட்டி தன் கணையத்திலிருந்தே அதைச் சுரந்துகொள்ளவேண்டும். பிறவாத குட்டிக்கு அதுவே வளர்ச்சியை ஏவும் பொருள். தசை வளர்வதும் கொழுப்புப் படிவதும் அதன் ஏவலால்தான்.

அமெரிக்காவில் கொலராடோ சர்வகலாசாலையார் 2003-ல் வெளியிட்ட பரிசோதனையொன்றில், சினையாடுகளுக்கு இன்ஸுலின் செலுத்தித் தாய், குட்டி இரண்டின் இரத்தச் சர்க்கரையையும் இரண்டு வாரம் தாழ்த்தி வைத்தனர். பின்னர்க் குட்டிக்குச் சர்க்கரையை ஏற்றிப் பார்த்தபோதும் அதன் கணையம் வழக்கமான அளவு இன்ஸுலினைச் சுரக்கவில்லை. வரும்படி குறைந்த குடும்பஸ்தன் வீட்டுக் கட்டடவேலையை நிறுத்திவைப்பது போன்றது இது. உயிர் தங்கும், வளர்ச்சி குன்றும். அவ்வாறு பிறந்த குட்டி உடலிற் சேமிப்பின்றி, குளிர்ந்த இரவில் சீம்பால் தாமதித்தால் விடியுமுன் மடிந்துவிடலாம்.

தாய்க்கும் அபாயமுண்டு. இரட்டைக் குட்டி தாங்கிய ஆடொன்றை நான் கண்டேன். மந்தைக்குப் பின்தங்கி, தீனி வெறுத்து, பல்லைக் கடித்து, எதிரிலிருந்த வேலி தெரியாமல் முட்டி நின்றது. விஷப்பூண்டு தின்றதென்று கருதி உடையவர் இரண்டு நாள் பட்டினி போட்டார். மூன்றாம் நாள் ஆடும் வயிற்றுக் குட்டிகள் இரண்டும் போயின. சர்க்கரை பற்றாத ஆடு தன் கொழுப்பைக் கரைக்கும்போது கீட்டோன் என்னும் பொருள்கள் இரத்தத்தில் மிகுவதே இந்நோய். மிகக் கொழுத்த ஆட்டுக்கும் இது வருவதுண்டு.

கடைசி ஆறு வாரமும் மேய்ச்சலோடு நாள்தோறும் 200 முதல் 250 கிராம் வரை, உடைத்த கம்பு அல்லது சோளத்துடன் கடலைப் பிண்ணாக்கும் தவிடும் கலந்து கொடுக்கலாம். சிறுகச் சிறுகப் பழக்குக. திடீரெனத் தானியம் வைத்தால் வயிறு புளித்துக் கெடும். சினை முதிர்ந்த ஆட்டை நெடுந்தூரம் ஓட்டுவதும், ஒரு நாளேனும் பட்டினியாகப் பட்டியில் அடைப்பதும் கூடாது. வறட்சிக் காலத்தில் கிராம அதிகாரிகள் தீவனத் தேவையை எழுதுகையில் சினையாடுகளைத் தனியே கணக்கிட்டுக் காட்டுதல் நலம். மேற்சொன்ன குறி கண்ட அன்றே கால்நடை மருத்துவரை அழைக்கவேண்டும். ஆடு படுத்துவிட்டபின் பிழைப்பது அரிது.