தங்கப் பல்லி நிஜமா?

கேள்வி: காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலில் தங்கப் பல்லியைத் தொட்டு வணங்கினோம். உயிருள்ள தங்கப் பல்லி எங்காவது உண்டா? (வாசகி, ஆரணி)

பதில்: உண்டு. அதுவும் பெருமாள் மலையிலேயே! திருப்பதி மலைப் பாறைகளில் வாழும் இந்தப் பல்லியை 1870இல் பெட்டோம் என்ற ஆங்கிலேய அதிகாரி அறிவியல் உலகுக்கு அறிமுகம் செய்தார். பிறகு நூறு ஆண்டுகளுக்கு மேல் பெரிதாகப் பேச்சே இல்லை. 1980களில்தான் ஆய்வாளர்கள் மீண்டும் கண்டார்கள். இன்று ஆந்திராவின் கிழக்கு மலைத்தொடரில் பல இடங்களிலும், ஒடிசாவிலும், நம் வேலூர்ப் பக்கத்து மலைகளிலும் பதிவாகியிருக்கிறது.

முழுப் பொன்னிறம் ஆணுக்குத்தான். பெண்ணும் குஞ்சுகளும் பழுப்பு. பகலில் ஓடைக்கரைப் பாறை இடுக்குகளில் ஒதுங்கிக்கொண்டு, இருட்டியதும் பூச்சி தேடி வெளியே வரும். பல பெண் பல்லிகள் ஒரே பாறைச் சுவரில் முட்டைகளைக் கொத்துக் கொத்தாக ஒட்டி வைப்பது இதன் விசேஷம். அதனால்தான் கல் குவாரி இதற்கு எமன்: ஒரு பாறையை உடைத்தால் ஒரு கூட்டத்தின் வீடும் வாரிசும் சேர்ந்தே போகும். இதே பேரினத்தின் இன்னோர் இனம் இலங்கையில் இருக்கிறது. உலகில் அந்தப் பேரினத்துக்கு இந்த இரண்டே உறுப்பினர்கள்.

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972இன் முதல் அட்டவணையில், புலிக்குச் சமமான பாதுகாப்பு இதற்கு உண்டு. 'அதிர்ஷ்டப் பல்லி' என்று யாராவது விற்க வந்தால், வாங்காதீர்கள். வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள்.