பிளஸ்ஸா, மைனஸா? தொடக்க வகுப்புக்கு ஏற்ற கணக்கு முறையைத் தேர்வது எப்படி

வார்த்தைக் கணக்கைப் பலகையில் எழுதி முடிப்பதற்குள் பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வரும்: "டீச்சர், இது பிளஸ்ஸா, மைனஸா?" கேட்கிற பிள்ளைக்குக் கூட்டவும் தெரியும், கழிக்கவும் தெரியும். எங்கே எதைச் செய்வது என்று முடிவெடுக்கத்தான் தெரியவில்லை. அதனால் ஒரு கற்பித்தல் முறையைப் பற்றி நான் முதலில் கேட்பது, அந்த முடிவை வகுப்பில் யார் எடுக்கிறார் என்பதைத்தான்.

நம் பள்ளிகளில் அதிகம் புழங்குவது குறிப்புச்சொல் முறை. 'மொத்தம்' வந்தால் கூட்டு, 'மீதி' வந்தால் கழி, 'அதிகம்' வந்தால் கூட்டு, 'சமமாக' வந்தால் வகு. சொல்லிக்கொடுக்க ஒரு பாடவேளை போதும், தேர்வில் மதிப்பெண்ணும் வந்துவிடும். ஆனால் இந்தக் கணக்கைப் பாருங்கள்: மீனாவிடம் 12 மாங்காய் இருக்கிறது. அது குமாரிடம் இருப்பதைவிட 5 அதிகம். குமாரிடம் எத்தனை? 'அதிகம்' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்ட பிள்ளை 17 என்று எழுதும். சரியான விடை 7. இந்தப் பழக்கம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்குப் பிரான்சில் ஒரு சான்று உண்டு. 1980 வாக்கில் கிரெனோபிள் நகரக் கணிதக் கல்வி ஆய்வாளர்கள் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கொடுத்தார்கள். ஒரு கப்பலில் 26 செம்மறியாடும் 10 வெள்ளாடும் இருந்தால் கப்பல் தலைவரின் வயது என்ன? பெரும்பாலான பிள்ளைகள் அந்த இரண்டு எண்களை வைத்தே ஒரு வயதைக் கணக்கிட்டுக் கொடுத்துவிட்டார்கள். அவர்கள் மந்தமானவர்கள் அல்ல. கேள்வியில் எண் இருந்தால் அதை வைத்து ஏதாவது செய்தாக வேண்டும் என்று பள்ளி அவர்களுக்குக் கற்றுக்கொடுத்திருந்தது. குறிப்புச்சொல் முறையை இன்றே விட்டுவிடுங்கள். மற்ற முறைகளைப் பற்றிப் பேசத்தான் இடமிருக்கிறது.

ஒன்று, இரண்டாம் வகுப்பில் பிள்ளை தன் வழியில் செய்து பார்க்க விடுவதே சிறந்தது. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் தாமஸ் கார்ப்பென்டரும் எலிசபெத் ஃபெனமாவும் 1980களிலிருந்து இதை ஆராய்ந்தார்கள். கழித்தல் படிக்காத குழந்தையும் கையில் பொருள் இருந்தால் கழித்தல் கணக்குக்கு விடை கண்டுவிடுகிறது என்பது அவர்கள் கண்டது. "உன்னிடம் 8 கோலி இருந்தது, அண்ணன் இன்னும் கொஞ்சம் கொடுத்தான், இப்போது 13 இருக்கிறது. அண்ணன் எத்தனை கொடுத்தான்?" என்று கேட்டுப் புளியங்கொட்டைகளைக் கொடுத்துப் பாருங்கள். குழந்தை எட்டை எடுத்து வைக்கும். பதின்மூன்று ஆகும்வரை ஒவ்வொன்றாகச் சேர்க்கும். சேர்த்ததைத் தனியாக எண்ணி ஐந்து என்று சொல்லும். அதைக் கழித்தல் என்று நாம் பெயரிடுவதை ஒரு மாதம் கழித்துச் செய்யலாம். இந்த முறைக்குப் பொறுமை வேண்டும். எந்தக் குழந்தை எந்த வழியில் எண்ணுகிறது என்று குனிந்து பார்க்கிற ஆசிரியரும் வேண்டும்.

மூன்றாம் வகுப்புக்கு மேல் எண்கள் பெரிதாகும்போது கொட்டைகள் உதவாது. அங்கே சிங்கப்பூரின் பட்டை வரைபடத்தையே நான் முதலில் பரிந்துரைப்பேன். 1980களில் அந்நாட்டுக் கல்வித் துறை, வார்த்தைக் கணக்கில் திணறும் தொடக்கப் பள்ளி மாணவர்களுக்காக இதை உருவாக்கியது. முதலில் பொருள், பிறகு படம், கடைசியில் எண்ணும் குறியும் என்ற வரிசைக்கு உளவியலாளர் ஜெரோம் புரூனரின் கருத்து அடிப்படை. 1995ஆம் ஆண்டின் டிம்ஸ் பன்னாட்டுத் தேர்வில் நான்காம் வகுப்புக் கணிதத்தில் சிங்கப்பூர் முதலிடம் பெற்றது. அதற்குப் பிறகு உலகம் இந்த முறையைத் திரும்பிப் பார்த்தது.

அதே மாங்காய்க் கணக்கை வரைந்து பாருங்கள். மீனாவுக்கு ஒரு நீளப் பட்டை, அதற்கு 12. கீழே குமாருக்கு ஒரு பட்டை. வரையப்போகும் கை அங்கே நிற்கும். குமாரின் பட்டை நீளமா, குட்டையா? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் பட்டையை வரையவே முடியாது. கணக்கை மறுபடி படித்தே ஆக வேண்டும். முறையின் பலம் முழுவதும் அந்த இடத்தில்தான் இருக்கிறது. ஐந்தாம் வகுப்பில் இது இன்னும் கைகொடுக்கும். அண்ணனிடம் தங்கையைப் போல் மூன்று மடங்கு பணம், இருவரிடமும் சேர்த்து 60 ரூபாய் என்றால், தங்கைக்கு ஒரு கட்டம், அண்ணனுக்கு மூன்று கட்டம் வரைந்தால் போதும். நான்கு கட்டம் 60 என்றால் ஒரு கட்டம் 15. இயற்கணிதம் வருவதற்கு முன்பே பிள்ளை அதன் வாசலில் நிற்கிறது. ஆனால் பட்டையை ஆசிரியரே வரைந்து எண்ணை மட்டும் நிரப்பச் சொன்னால் இதுவும் குறிப்புச்சொல் முறையாகவே ஆகிவிடும். எண் அமைப்பு, வடிவியல், வரிசைப்படுத்தல் போன்ற கணக்குகளுக்கு இதில் பெரிய பயன் இல்லை.

புதிதாக ஒரு செய்முறையைத் தொடங்கும்போது, உதாரணமாக நீள் வகுத்தலிலோ வேற்றுப் பகுதிப் பின்னங்களைக் கூட்டுவதிலோ, 'நீயே கண்டுபிடி' என்று விடுவது பலன் தராது. ஆஸ்திரேலியாவின் கல்வி உளவியலாளர் ஜான் ஸ்வெல்லர் 1980களில் காட்டியது இதுதான்: புதியவர்கள் தாமாகத் திணறுவதைவிட, செய்து முடித்த கணக்கைப் படித்துப் பார்த்தால் நன்றாகக் கற்கிறார்கள். ஒரு கணக்கை முழுதாகச் செய்து காட்டுங்கள், அடுத்ததில் கடைசிப் படியை விட்டுவையுங்கள், அதற்கடுத்ததில் இரண்டு படிகளை. பிள்ளைக்குப் பிடிபட்ட பிறகும் செய்து காட்டிக்கொண்டே இருந்தால் அது தடையாகிவிடும்.

காரணம் சொல்லக் கற்பிக்க ஜப்பானிய வகுப்பைப் போல வேறொன்றை நான் காணவில்லை. அங்கே தொடக்கப் பள்ளிப் பாடவேளை 45 நிமிடம். பெரும்பாலும் ஒரே ஒரு கணக்கு. பிள்ளைகள் தனியாக முயலும்போது ஆசிரியர் மேசைகளுக்கிடையே நடந்து, யார் எந்த வழியில் போகிறார் என்று குறித்துக்கொள்வார். பிறகு எளிய வழியில் தொடங்கி ஒவ்வொருவராகப் பலகைக்கு அழைப்பார். பலகையை அழிப்பதில்லை. பாடம் முடியும்போது எல்லா வழிகளும் அருகருகே தெரியும். 38உடன் 27ஐக் கூட்ட ஒரு பிள்ளை 30, 20 என்று பிரிக்கும். இன்னொரு பிள்ளை 27இலிருந்து இரண்டை எடுத்து 38ஐ 40 ஆக்கிக்கொள்ளும். இரண்டும் ஏன் 65இல் முடிகின்றன என்று அவர்களே வாதிடுவதுதான் பாடம். கணக்கைத் தீர்ப்பதற்குக் கணிதவியலாளர் ஜார்ஜ் போல்யா 1945இல் சொன்ன நான்கு படிகளில் கடைசியான 'திரும்பிப் பார்' என்பதை நம் வகுப்புகள் பெரும்பாலும் தவறவிடுகின்றன. அது இங்கே தானாக நடக்கிறது. இதற்கு நேரம் நிறையச் செலவாகும், தினமும் செய்ய முடியாது.

தமிழகத்தில் 2022இல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்த பிறகு, வகுப்பில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் கற்பிப்பது நமக்குப் பழகிவிட்டது. ஈராசிரியர் பள்ளியில் ஒருவரே பல வகுப்புகளைப் பார்க்கிறார். அவருக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: எல்லா முறையையும் ஒன்றாகத் தொடங்காதீர்கள். மூன்றாம் வகுப்புக்கு மேல் இருந்தால் பட்டை வரைபடத்தை ஒரு பருவம் முழுக்கப் பழக்குங்கள். அதோடு வாரம் ஒரு பாடவேளையை ஜப்பானியர் போல ஒரே கணக்குக்கு ஒதுக்குங்கள். அரும்புப் பிள்ளை கொட்டையை வைத்தும் மலர்ப் பிள்ளை எண்ணை வைத்தும் அதே கணக்கைச் செய்யலாம். பலகையில் இரண்டுக்கும் இடம் உண்டு.

பார்வையிட வரும் அலுவலர்களுக்கும் தலைமையாசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அந்த ஒரு பாடவேளை முடிந்த பிறகு நோட்டில் ஒரே ஒரு கணக்குத்தான் இருக்கும். அதைக் குறையாக எழுதாதீர்கள். அந்தக் கணக்கை எப்படிச் செய்தாய் என்று பிள்ளையிடம் கேளுங்கள்.