நொய்யல் கரையில் உலகச் சந்தை: நம்பிக்கைகளும் உண்மைகளும்

உலகமயமாக்கலால் சமூகத்துக்கு நன்மையா தீமையா என்று யாராவது கேட்டால், நான் திருப்பூரைத்தான் காட்டுவேன். ஐரோப்பிய, அமெரிக்கக் கடைகளில் தொங்கும் பின்னலாடைகளை நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தைத்து அனுப்பும் ஊர் அது. கொடுத்ததும் எடுத்துக்கொண்டதும் அங்கே கண்ணெதிரே கிடக்கின்றன. ஆனாலும் அந்த ஊரைப் பற்றிப் பேசும்போதுகூடச் சில தவறான நம்பிக்கைகள் விடாமல் ஒட்டிக்கொண்டே வருகின்றன.

நம்பிக்கை: உலகமயம் 1991-ல்தான் நம் ஊருக்குள் வந்தது.

1991-ல் வந்தவை புதிய பொருளாதாரக் கொள்கைகள். இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்ந்தன, ரூபாயின் மதிப்பு குறைக்கப்பட்டது, அந்நிய முதலீட்டுக்குக் கதவு திறந்தது. திருப்பூருக்கு இத்தாலிய வியாபாரிகள் பனியன் தேடி வந்தது அதற்கு முன்பே, 1970-களின் இறுதியில். இன்னும் பின்னே போனால், திருப்பூர் வழியே ஓடும் அதே நொய்யல் ஆற்றின் கரையில், சென்னிமலைக்குப் பக்கத்தில் கொடுமணல் இருக்கிறது. பதிற்றுப்பத்து பேசும் கொடுமணம் இதுதான் என்பது ஆய்வாளர்கள் முடிவு. 1985-லிருந்து நடந்த அகழாய்வுகளில் கல்மணி செய்த பட்டறைகளின் தடயங்களும், இரும்பு உருக்கிய உலைகளும், தமிழி எழுத்துப் பொறித்த பானை ஓடுகளும் கிடைத்தன. மேற்குக் கடற்கரைத் துறைமுகமான முசிறியிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கரூருக்குப் போன வணிகப் பாதையில் இருந்த ஊர் அது. கடல் கடந்த வியாபாரம் இந்த ஆற்றுக்குப் புதிதல்ல. வேகமும் அளவும்தான் புதிது. 1980-களின் நடுவில் சில பத்துக் கோடி ரூபாயாக இருந்த திருப்பூர் ஏற்றுமதி இன்று ஆண்டுக்கு 30,000 கோடி ரூபாய்க்கு மேல்.

நம்பிக்கை: லாபமெல்லாம் பெரும் முதலாளிக்கு, தொழிலாளிக்கு ஒன்றுமில்லை.

இதில் பாதி தவறு, பாதி சரி. தவறான பாதியை முதலில் சொல்கிறேன். சரத் சாரி என்ற ஆய்வாளர் திருப்பூரில் தங்கி ஆராய்ந்து 2004-ல் ஒரு நூல் வெளியிட்டார். கம்பெனி உரிமையாளர்களில் கணிசமானவர்கள் சுற்றுவட்டாரத்து விவசாயக் குடும்பங்களிலிருந்து வந்து, தொழிலாளியாகத் தொடங்கி மேலேறியவர்கள் என்பதை அது காட்டியது. மானாவாரி நிலத்தில் வருஷம் முழுக்க மழையை எதிர்பார்த்துக் கிடந்த குடும்பங்களுக்குப் பனியன் கம்பெனி கொடுத்தது சிறிய மாற்றமல்ல. பெண்களின் கையில் வாராவாரம் சொந்தச் சம்பளம் வந்ததும் அப்படித்தான்.

ஆனால் அந்த ஏணி எல்லாருக்கும் எட்டவில்லை. பெரும்பாலும் சொந்தச் சாதியும் நிலமும் கைகொடுத்தவர்களே ஏறினார்கள். ஆர்டர் எடுக்கும் கம்பெனி வேலையைப் பவர்டேபிள் எனப்படும் சிறு தையல் கூடங்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறது, அங்கே கான்ட்ராக்டர் பீஸ் ரேட்டில் ஆள் வைக்கிறார். ஷிப்மென்ட் நெருங்கினால் 'ஒன்றரை ஷிப்ட்' சாதாரணம்: காலை எட்டரைக்கு உட்காரும் ஓவர்லாக் டெய்லர் இரவு எட்டரைக்குத்தான் எழுவார். சங்கங்களும் ஏற்றுமதியாளர்களும் கையெழுத்திடும் கூலி ஒப்பந்தம் அவரிடம் வந்து சேர்வதே இல்லை. நூற்பாலைகளில் நடந்தது இன்னும் மோசம். சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் கிராமத்துச் சிறுமிகளை மூன்று ஆண்டு விடுதியில் அடைத்து, கூலியில் ஒரு பகுதியைப் பிடித்துவைத்து, கடைசியில் கல்யாணச் செலவுக்கென்று மொத்தமாகத் தருவதாக அழைத்துப்போனார்கள். முடிக்காமல் திரும்பியவர்களில் பலருக்கு அந்தத் தொகை கிடைக்கவில்லை. இதைத் தொழில் வளர்ச்சி என்ற பெயரில் நியாயப்படுத்துபவர்களோடு எனக்கு உடன்பாடே கிடையாது.

நம்பிக்கை: வடமாநிலத்தவர் வந்து நம் வேலையைப் பறித்துவிட்டார்கள்.

மதுரை, தேனி, திண்டுக்கல், நெல்லை மக்கள் ரயிலேறி வந்து வளர்த்த ஊர்தான் திருப்பூர். அவர்களின் பிள்ளைகள் படித்து வேறு வேலைக்குப் போன இடத்தில் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் இளைஞர்கள் இன்று உட்கார்ந்திருக்கிறார்கள். 2023 மார்ச்சில், வடமாநிலத்தவர் தாக்கப்படுவதாகச் சொன்ன போலிக் காணொளிகளால் பீதி பரவி, அவர்களில் பலர் ஊருக்குக் கிளம்பத் தொடங்கியபோது, போகாதீர்கள் என்று கேட்டுக்கொண்டவர்கள் திருப்பூர் முதலாளிகளே.

நம்பிக்கை: வளர்ச்சி வேண்டுமென்றால் ஆறு கெடத்தான் செய்யும்.

இந்த நம்பிக்கையைத்தான் முதலில் உடைக்க வேண்டும், ஏனென்றால் திருப்பூரே இதைப் பொய்யாக்கிவிட்டது.

பருத்தித் துணியில் சாயம் ஏற உப்பு வேண்டும், அதுவும் நிறைய வேண்டும். சாயம் துணியில் பிடித்துக்கொள்ளும், உப்பு தண்ணீரோடு வெளியேறிவிடும். நிறத்தை எடுத்துவிட்டாலும் கண்ணுக்குத் தெரியாத உப்பு அப்படியே இருக்கும். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து கரூர் மாவட்டத்தில் காவிரியில் கலக்கும் நொய்யலில் இந்தத் தண்ணீர்தான் ஆண்டுக்கணக்கில் ஓடியது. பாசனத்துக்கென 1990-களின் தொடக்கத்தில் ஒரத்துப்பாளையத்தில் கட்டிய அணை, சாயக்கழிவின் தேக்கமாக மாறியது. கிணறுகள் உவர்ந்தன. தென்னை காய்ப்பு குறைந்தது. அணையில் தண்ணீரைத் தேக்காதீர்கள் என்று விவசாயிகளே மன்றாடும் நிலை வந்தது. அணை கட்டித் தாருங்கள் என்று கேட்டுப் பழகிய நாட்டில் இது எவ்வளவு பெரிய கொடுமை!

ஆயக்கட்டு விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். கழிவுநீர் ஒரு சொட்டுகூட வெளியே வரக்கூடாது என்று 2006-ல் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. 2009-ல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. அதன் பிறகும் கழிவு ஓடிக்கொண்டிருந்ததால், 2011 ஜனவரியில் 700-க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடும்படி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. திருப்பூரின் கதை முடிந்தது என்றுதான் அன்று எல்லோரும் சொன்னார்கள்.

முடியவில்லை. பட்டறைகள் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களைச் சீரமைத்தன. கழிவுநீர் இப்போது சவ்வுகளின் வழியே அழுத்தத்தில் செலுத்தப்படுகிறது. நல்ல தண்ணீர் திரும்பவும் சாயத்தொட்டிக்கே போகிறது, மிஞ்சும் உவர்நீரைக் கொதிக்கவைத்து உப்பைப் பிரிக்கிறார்கள். சில ஆண்டுகளிலேயே ஏற்றுமதி பழைய அளவைத் தாண்டிப் போனது. கடுமையான விதிமுறையும் வியாபாரமும் ஒரே ஊரில் சேர்ந்து இருக்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

இழப்பு இல்லாமல் இது நடக்கவில்லை. சிறு பட்டறைகள் பல மறுபடி திறக்கவே இல்லை. ஆர்டர்களில் ஒரு பகுதி வேறு மாவட்டங்களுக்குப் போய் அங்குள்ள நீர்நிலைகளைக் கெடுத்தது. பிரிக்க முடியாத கலப்பு உப்பு மூட்டை மூட்டையாகக் கிடங்குகளில் அடுக்கிக்கிடக்கிறது. சுத்திகரிப்புக்கு ஆகும் செலவு சாயக்கூலியில் ஏறுகிறது. ஆனால் வெளிநாட்டு பையர், கழிவை ஆற்றில் விடும் ஊரின் துணி விலையைக் காட்டித்தான் பேரம் பேசுகிறார். நொய்யலைக் காப்பாற்றும் செலவை அந்தச் சட்டையைப் போடுபவரும் ஏற்கத்தான் வேண்டும்.

நம்பிக்கை: உலகச் சந்தை இயற்கை மாதிரி, நம் கையில் ஒன்றுமில்லை.

சந்தையின் ஒவ்வொரு விதியும் யாரோ உட்கார்ந்து எழுதியது. எந்த நாட்டிலிருந்து எவ்வளவு ஆடை வாங்கலாம் என்று பணக்கார நாடுகள் வைத்திருந்த கோட்டா முறை, ஒப்பந்தப்படி 2005 ஜனவரி 1-ல் முடிந்தது. பங்களாதேஷ் ஆடைகள் ஐரோப்பாவுக்குள் வரியின்றி நுழைவது மிகவும் பின்தங்கிய நாடு என்ற சலுகையால்தான். 2025 ஆகஸ்ட் 27 அன்று அமெரிக்கா இந்தியப் பொருள்கள் பலவற்றின் மீதான கூடுதல் வரியை 50 சதவீதமாக்கியதும் திருப்பூரில் ஆர்டர்கள் நின்றன. அதுவும் ஒரு கையெழுத்தால் நடந்ததே.

தொழிலாளர்களும் விதி எழுதியிருக்கிறார்கள். 2013 ஏப்ரல் 24 அன்று டாக்காவுக்குப் பக்கத்தில் ராணா பிளாசா என்ற ஆடை ஆலைக் கட்டடம் இடிந்து 1,100-க்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு, கட்டடப் பாதுகாப்புக்குச் சட்டப்படி கட்டுப்படும் ஒப்பந்தத்தில் ஐரோப்பிய நிறுவனங்கள் தொழிற்சங்கங்களோடு கையெழுத்திட்டன. நம் பக்கத்திலேயே 2022-ல் திண்டுக்கல் ஒப்பந்தம் உருவானது. ஆடை ஆலையில் வேலை பார்த்த ஓர் இளம்பெண் கொல்லப்பட்டதையடுத்து, பெண்கள் தலைமையிலான ஒரு சங்கம் போராடிப் பெற்றது அது. பாலியல் தொல்லை புகாரை ஆலை கண்டுகொள்ளாவிட்டால், அங்கே துணி வாங்கும் வெளிநாட்டு நிறுவனங்கள் வியாபார ரீதியாக நடவடிக்கை எடுத்தாக வேண்டும் என்றது அந்த ஒப்பந்தம். தையல் வரிசையிலேயே பயிற்சி பெற்ற பெண்கள் கண்காணிப்பாளர்களானார்கள். ஆனால் அந்த ஒப்பந்தத்தின் வரம்பு ஒரே நிறுவனத்தின் ஆலைகளோடு நின்றது. திருப்பூரின் பவர்டேபிள்களுக்கு அது போன்ற ஒன்றை அடுத்துக் கேட்க வேண்டியவர்கள் சங்கங்கள், கொடுக்க வேண்டியவர்கள் அங்கே துணி வாங்கும் அத்தனை பிராண்டுகளும்.